சைடு சீட்டில் ஒரு டிரைவர்

அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வுபெற்றவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, சிகாகோவிலிருந்து ரஷ்மோர் மலை வரை கார் ஓட்டுவது என்பது, ஏறக்குறைய 1,500 கிலோமீட்டருக்கு எட்டுப் போட்டுக் காட்டுவதுதான். அம்மாவுக்கு இது முன்பே தெரியும். "நான் வரல. அவரு ஓட்டினா எனக்கு வாந்தி வரும். அடுத்தவுக ஓட்டினா அவருக்கு வயித்தக் கலக்கும்" என்று சொல்லிவிட்டு, பேரனோடு வீட்டில் இருந்துகொண்டாள்.

அப்பா வத்தலக்குண்டு டிப்போ. வேலையில் பெரும்பகுதி கொடைக்கானல் மலை ரூட். அத்தனை வருடம் மலையேறியவர் தூண்பாறையைப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த கொடைக்கானலில் ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு டைம் ஆபீஸ், ஒரு டீக்கடை. அவ்வளவுதான். இப்படிப்பட்டவரை மலையில் செதுக்கிய நான்கு ஜனாதிபதிகளைப் பார்க்க அழைத்துப்போகலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது.

அமெரிக்கக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம். ஆகவே அப்பா உட்கார்ந்த வலப்பக்க முன்சீட்டு, அவர் கணக்கில், அவருடைய சீட்டு. ஸ்டியரிங்கை மட்டும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் மூன்றும் தரையில் இருப்பதாகவே அவருடைய கால்கள் நம்பின. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தால் நான் மிதிப்பதற்கு முன் அவர் மிதிப்பார். விஸ்கான்சின் மாநிலம் முடிவதற்குள் அந்தப் பக்கத்து மேட் சுருண்டு சீட்டுக்கடியில் போய்விட்டது.

நாங்கள் போனது இன்டர்ஸ்டேட் 90. கிழக்குமேற்காகப் போனால் இரட்டைப்படை எண், வடக்குதெற்காகப் போனால் ஒற்றைப்படை எண். பாஸ்டனில் ஆரம்பித்து சியாட்டில் வரை 4,800 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ரூட் நம்பர் என்றதும் அப்பா முகத்தில் முதல்முறையாக அமெரிக்காவின்மேல் ஒரு மரியாதை தெரிந்தது. "வழியில எத்தன டிப்போ?" என்றார்.

லா கிராஸில் மிசிசிப்பியைத் தாண்டினோம். பாலத்தின் நடுவில் "மிசிசிப்பிப்பா!" என்றேன். "பாலத்துல பேச்சுக் குடுக்காத, ரோட்டப் பாரு" என்றார். பேசியது நான். ஓட்டியதும் நான்.

மினசோட்டாவில் ஆரம்பித்து தெற்கு டகோட்டாவின் பாதி வரை நேர் ரோடு. இரண்டு பக்கமும் மக்காச்சோளம், சோயா, மறுபடி மக்காச்சோளம். வளைவே கிடையாது. தெற்கு டகோட்டா எல்லையைத் தாண்டி வேக வரம்புப் பலகையில் 80 என்று பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பரவாயில்லையே, நம்ம ஸ்பீடு." அது மைல், கிலோமீட்டரில் 129 ஆகும் என்று சொன்ன பிறகு கொஞ்ச நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு என் காலைக் குனிந்து பார்த்தார்.

"பாப்பா, கால எங்க வச்சிருக்க?"

"குரூஸ் கன்ட்ரோல்ப்பா. அதுவே போகும்."

"அப்ப உனக்கு என்ன வேல?"

நாற்பது வயதில் இன்னும் பாப்பாவாக இருப்பவளிடம் இதற்குப் பதில் கிடையாது. குரூஸை அணைத்துவிட்டுக் காலால் மிதித்து ஓட்டினேன்.

இவ்வளவு சோளத்தையும் யார் தின்பது என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். மனிதர் கடித்துத் தின்னும் ரகம் இதில் சொற்பம். மாடு, பன்றிக்கு ஒரு பெரும் பங்கு போகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனாலாகிப் பெட்ரோலில் கலக்கிறது. பெட்ரோல் பங்கில் போடும் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை அதுதான். எத்தனாலில் சக்தி குறைவு, மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன். டிப்போவில் ஒவ்வொரு டிரைவரின் கே.எம்.பி.எல். கணக்கையும், அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை, எழுதிவைப்பார்கள். குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். அந்தப் பயம் ஓய்வூதியம் வாங்கினாலும் போகாது. "அதான பாத்தேன். சோளக்கஞ்சிய ஊத்தி ஓட்டினா எப்பிடி இழுக்கும்?" மிட்செல் நகரத்தில் 1892 முதல் சோளக்கதிர்களாலேயே சுவர்ச்சித்திரம் வைத்து அலங்கரிக்கும் சோள மாளிகை இருக்கிறது. அதைக் காட்டினேன். "டீசல் பங்குக்குப் போக வேண்டியத செவுத்துல அடிச்சு வச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்து காரில் ஏறிக்கொண்டார்.

அவர் தானாக இறங்கிய இடம் ஒரு லாரி நிறுத்தம். பதினெட்டுச் சக்கர லாரிகள் வரிசையாக நிற்க, ஒன்றிலிருந்து தலைப்பாகை கட்டிய பஞ்சாபிக்காரர் இறங்கினார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பஞ்சாபி டிரைவர்கள் ஏராளம். அப்பாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் என் சினிமா இந்தி. அது முதலில் தேவைப்படவே இல்லை. அப்பா டயரைத் தட்டிக் காட்டினார், அவர் பானெட்டைத் திறந்து காட்டினார். மொழி தேவைப்பட்டது சட்டத்துக்கு மட்டும்: ஒரு நாளைக்கு 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அடுத்து ஓட்டும் முன் 10 மணி நேரம் ஓய்வு, எல்லாவற்றையும் இன்ஜினோடு இணைத்த ஒரு பெட்டி தானாகவே எழுதிக்கொள்ளும். டபுள் டூட்டி பார்த்தே எங்களைப் படிக்கவைத்த மனிதர், நெடுநேரம் யோசித்து ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "அப்ப டைம் கீப்பர்கிட்டச் சொல்லி ஒரு அர மணி அட்ஜஸ்ட் பண்ண முடியாதா?"

முடியாது என்று பஞ்சாபிக்காரர் வருத்தத்தோடு தலையாட்டினார். இரண்டு பேரும் அந்தப் பெட்டியைச் சேர்ந்து பார்த்தார்கள்.

பிறகு வால் டிரக் (Wall Drug) என்ற கடை. 'இலவச ஐஸ் தண்ணீர்', '5 சென்ட் காபி' என்று பலகைகள் மைல்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அப்பா ஒன்றையும் விடாமல் வாசிக்கச் சொன்னார். 1931-ல் டெட் ஹஸ்டெட் என்ற மருந்தாளர் வால் என்கிற குக்கிராமத்தில் மருந்துக்கடை வாங்கினார். ஆள் வரவில்லை. ரஷ்மோரைப் பார்க்கப் போகும் கார்கள் வெயிலில் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. இலவச ஐஸ் தண்ணீர் என்று ரோட்டில் பலகை வைக்கலாமே என்று 1936-ல் மனைவி டோரதி யோசனை சொன்னார். கூட்டம் குவிந்தது. இன்று அது ஒரு தெருவளவு கடை, ரோட்டோரத்தில் 80 அடி டைனோசர்.

தண்ணீர் இன்னும் இலவசம்தான். அப்பா குடித்தார். ராணுவத்தில் இருந்தவர்களுக்குக் காபி, டோனட் இலவசம் என்று அங்கே ஒரு வழக்கம் உண்டு என்றேன். "டிரைவருக்கு?" என்றார்.

தீபாவளிக்கு மெட்ராஸ் ஸ்பெஷல் ஓட்டிய வகையில் அவருக்கு விழுப்புரத்துப் பக்கத்து மோட்டல்கள் பழக்கம். பயணிகளுக்கு ஆறிப்போன தோசை இரண்டு மடங்கு விலைக்கு. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் தனி அறையில் ஆம்லெட், கோழி வறுவல், காசு கிடையாது. பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது டிரைவர், ஆகவே கவனிப்பு டிரைவருக்கு. இதுதான் அவர் அறிந்த நெடுஞ்சாலைப் பொருளாதாரம். ஹஸ்டெட் குடும்பம் அதில் கைவைத்துவிட்டது. தாகத்தோடு உள்ளே இருப்பவனிடம் நேராகப் பலகை மூலம் பேசிவிட்டால் நடுவில் டிரைவர் எதற்கு? "கெட்டிக்காரன்தான்" என்றார் அப்பா, பிடிக்காத குரலில். 5 சென்ட் காபிக்கு நான் காசு கொடுத்ததையும் அவர் ரசிக்கவில்லை.

ரஷ்மோரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1927-லிருந்து 1941 வரை கட்ஸன் போர்க்லம் என்ற சிற்பி ஆட்களை வைத்து வெடிவைத்துச் செதுக்கிய, 60 அடி உயர முகங்கள். உள்ளே நுழைய டிக்கெட் இல்லை, வண்டி நிறுத்தப் பத்து டாலர். நான்கு பேரில் யார் யார் என்று அப்பா கேட்கவில்லை, இந்த மலை யாருடையது என்று கேட்டார். 1868 ஒப்பந்தப்படி லகோட்டா மக்களுக்கு உரியது, தங்கம் கிடைத்ததும் அரசு பிடுங்கிக்கொண்டது, 1980-ல் உச்ச நீதிமன்றமே அது தப்பு என்று நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது, வட்டியோடு நூறு கோடி டாலரைத் தாண்டியும் அவர்கள் வாங்க மறுக்கிறார்கள் என்றேன். "கையெழுத்துப் போட்டு வாங்கிட்டா முடிஞ்சுபோச்சு பாப்பா. பைபாஸ் போட்டப்ப எங்க சித்தப்பாவுக்கு இது தெரியல" என்றார். அந்த நாளில் அவர் பேசியதிலேயே கிண்டல் இல்லாத வாக்கியம் அது ஒன்றுதான்.

மறுநாள் கஸ்டர் பூங்காவில் காட்டெருமை பார்த்துவிட்டு, அயர்ன் மவுன்டன் ரோடு வழியாக வடக்கே திரும்பினேன். பீட்டர் நார்பெக் என்ற செனட்டர் 1930-களில், யாரும் வேகமாகப் போகவே முடியாதபடி வேண்டுமென்றே போடவைத்த ரோடு. 17 மைலில் 314 வளைவு, 14 கொண்டை ஊசி, ரோடு தன்னையே சுற்றிக்கொண்டு ஏறும் மரப்பாலங்கள், ஒரு வண்டி மட்டும் நுழையும் சுரங்கங்கள்.

அப்பா சீட்டின் நுனிக்கு வந்தார். "இது ரோடு!" என்றார். அதற்குப்பின் வண்டி அவர் கையில்தான் இருந்தது. "நல்லா ஒடி. ஒடி. இப்ப விடு. எறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராத, சூடாயிரும், கியரக் கொற. ஏத்தத்துல வர்றவனுக்கு வழி விடு. டம்டம் பாறை வளைவுன்னு நெனச்சுக்க." அந்தச் சுரங்கங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. உள்ளே நுழையும்போது, எதிர்வாயில் ஜன்னல் சட்டம் போல அமைந்து, தூரத்து ரஷ்மோர் முகங்களைச் சரியாக நடுவில் காட்டும். அப்படித் திட்டமிட்டே குடைந்திருக்கிறார்கள். "அப்பா, அங்க பாருங்க!" என்றேன். அவர் ஜனாதிபதிகளைப் பார்க்கவில்லை. எதிரே வண்டி வருகிறதா என்று பார்த்தார். கையை நீட்டி, 1,500 கிலோமீட்டரும் வாய்திறக்காமல் வந்த என் ஹாரனை நீளமாக ஒரு அழுத்து அழுத்தினார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒதுங்கி நின்று எங்களுக்குக் கையசைத்தார். "பழகின ஆளு" என்றார் அப்பா.

ஓய்வுபெற்ற டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அவர் ஒரே ஒரு படம்தான் அனுப்பினார். ரஷ்மோர் இல்லை, சுற்றிக்கொண்டு ஏறும் மரப்பாலம். உடனே பதில்கள் வந்தன. ரோடு அருமை. வளைவுக்கு முன்னாடி போர்டு இருக்கா? யாரு ஓட்டுறது, பொண்ணா? கே.எம்.பி.எல். என்ன?

அப்பா என்னைப் பார்த்தார். பன்னிரண்டு இருக்கும் என்றேன். தட்டச்சு செய்து அனுப்பினார். நாலு நிமிடத்தில் வத்தலக்குண்டிலிருந்து, அங்கே நடுராத்திரிக்கு மேல், யாரோ விழித்துக்கொண்டு எழுதினார்: ஏசிய அமத்தச் சொல்லு.

என்னைக் கேட்காமலே கையை நீட்டி அமத்திவிட்டார்.