ஒரே ராத்திரியில் சரஸ்வதி

நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் சரஸ்வதி அம்மன், முதல் ராத்திரி எங்கள் குழித்துறை மகாதேவர் கோயிலில்தான் தங்குவாள். எனக்குப் பதினேழு வயதான வருடம், யானைமேல் அவள் வந்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். காலையில் அவள் புறப்படுவதற்குள் ஓவியர் ரவிவர்மாவின் சரஸ்வதியை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து முடித்துவிட வேண்டும்.

பூஜை அறையில் மாட்டியிருந்த அந்தச் சரஸ்வதி படத்தைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டேன். இசைக்கு வீணை, கல்விக்கு ஏடு, தியானத்துக்கு ஜபமாலை, பக்கத்தில் மயில். வெள்ளைச் சேலையின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தேன். ஈரத்தின்மேல் ஈரம் பூசப் பூச முகம் சேற்று நிறமானது. "மக்கா, கொஞ்சம் காயட்டும். பொறவு தொடு" என்றாள் அம்மா. கேட்கவில்லை. விடிந்து ஊர்வலம் களியக்காவிளைப் பக்கம் நகர்ந்தபோது, பலகையில் மயிலைக்கூட அடையாளம் தெரியவில்லை.

நாற்பது வருடம் கழித்து அதே படத்தை மறுபடி வரைகிறேன். முதலில் பழுப்பும் வெள்ளையும் மட்டும். கன்னத்தின் வெளிச்சம் நிழலோடு சேரும் இடத்தை, ஈரம் இருக்கும்போதே உலர்ந்த மெல்லிய தூரிகையால் தொட்டும் தொடாமலும் தடவினால் விளிம்பு கரைகிறது. அதுதான் பிளெண்டிங். பிறகு காத்திருப்பு. எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. எங்கள் ஆற்றங்கரை ஈரக்காற்றில் இன்னும் நிதானம்.

காய்ந்தபின் கிளேசிங்: ஆளிவிதை எண்ணெய் சேர்த்து, அடி தெரியும்படி பூசும் மெல்லிய நிறம். மேலே போகப்போக எண்ணெய் கூட வேண்டும். மாறினால் மேல்பூச்சு வெடிக்கும். இப்போது சேலை நிழலில் கறுப்பே இல்லை. நீலமும் பழுப்பும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. வெளிச்சம் அவற்றை ஊடுருவி, அடியிலுள்ள வெள்ளையைத் தொட்டுத் திரும்புகிறது. நிழலே ஒளிர்கிறது.

1868-ல் திருவனந்தபுரம் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், இளம் ரவிவர்மாவுக்குச் சொல்லித்தரவில்லை. வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். பொறுமையாகப் பார்த்தே ரவிவர்மா கற்றுக்கொண்டார். 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலும், நிறத்துக்கு ஒரு கல் என்று படிப்படியாகத்தான் படம் அச்சேறியது. பூஜை அறையில் நான் கும்பிட்டதும் அடுக்கடுக்காக வந்தவளைத்தான்.

இந்த வருடமும் அம்மன் வந்து தங்கினாள். காலையில் வழியனுப்ப நின்றேன். வீட்டில் மூன்றாம் பூச்சு விரலில் ஒட்டும் பதத்தில் இருந்தது. நவராத்திரி முடிந்து இதே வழியாகத்தான் திரும்புவாள். அதற்குள் காய்ந்திருக்கும்.