செங்கல் இல்லாத சட்டம்

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் கோயில் எடுப்பித்ததாக மண்டகப்பட்டுக் குடைவரையில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பெருமையோடு கல்வெட்டு வைத்திருக்கிறான். 1,400 ஆண்டுகளாக நிற்கிறது. இந்த வித்தையைப் பிற்காலத்தில் கற்றுக்கொண்டவர்கள், ஆண்ட நாட்டை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய துரைமார்கள். குடிகளுக்குச் 'சட்டப் பாதுகாப்பு' என்றொரு மாளிகையை அவர்களும் எந்தப் பொருளும் இல்லாமலே கட்டினார்கள். ஓராண்டுகூட நிற்கவில்லை.

பக்கத்துச் செஞ்சிக்குக் கைமாறுவது பழக்கம். பீஜப்பூர்க்காரன், மராட்டியன், மொகலாயன், 1750-இல் பிரெஞ்சுக்காரன், 1761-இல் ஆங்கிலேயன். எவனும் குடியானவனைக் கேட்கவில்லை. கேட்டதாகப் பாசாங்கும் செய்யவில்லை. அந்த மட்டுக்கு யோக்கியர்கள்.

இருபதாம் நூற்றாண்டு நாகரிகமானது, கேட்டுவிட்டுத்தான் கொடுக்கும். 1949-இல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் மக்களிடமே வாக்கெடுத்தார்கள். புதுச்சேரியில் அந்தச் சிரமம் எதற்கென்று, 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளைக் கேட்டதோடு முடித்துக்கொண்டார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைப்புக்கு ஒப்பினார்கள். 1962-இல் சட்டப்படி ஒப்படைத்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதத் தெரிந்தவனுக்குத் தேசம் விருப்பம், தெரியாதவனுக்குத் தலைவிதி.

இதுவே தேவலை என்று சொல்லவைத்தது இலங்கை. எந்தச் சமூகத்துக்கும் மற்றவர்க்கில்லாத பாதகத்தை நாடாளுமன்றம் சட்டமாக்கக் கூடாது என்றது பிரிட்டன் வகுத்துத் தந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு. சிறுபான்மையோருக்கு இதைவிட என்ன வேண்டும் என்று லண்டன் கைகழுவியது. 1948 பிப்ரவரி 4 அன்று சுதந்திரம் வந்தது. அதே ஆண்டே 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் வந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் பிறந்ததற்குக் கொண்டு வா! தேயிலைத் தூரில் குனிந்தே செத்தவனுக்குப் பிறப்புப் பத்திரம் எந்த லயத்தில் எழுதிக் கொடுத்தார்கள்? இந்திய வம்சாவளி மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவரானார்கள். மறு ஆண்டு வாக்குரிமையும் போயிற்று.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறியது. யார் தன் குடிமகன் என்று ஒரு நாடு தீர்மானிப்பது இயல்பான அதிகாரமாம், 29(2) மீறப்படவில்லையாம். 1953-இல் தீர்ப்பு. சட்டத்தில் 'தமிழன்' என்ற சொல்லே இல்லையே, பிறகு பாகுபாடு எங்கிருந்து வரும்? கழுத்தை அறுத்த கத்தியில் பெயர் பொறிக்காததால் கொலையே நடக்கவில்லை!

பிறகு 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி, 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பங்கானவர்களில் ஒருவரைக்கூட யாரும் கேட்கவில்லை. 29(2)-ஐ 1972 அரசியலமைப்பு தூக்கியெறிந்தது. இருந்து சாதித்ததுதான் என்ன?

சீனாவிடம் ஒப்படைத்த ஹாங்காங்குக்கும் பிரிட்டன் 50 ஆண்டு உத்தரவாதம் எழுதியது. ஒப்படைத்து 20 ஆண்டு ஆனதும், அது வெறும் வரலாற்று ஆவணம் என்றது சீன வெளியுறவுத் துறை. எழுதிக் கொடுத்த பிரிட்டன் மறுப்புத் தெரிவித்தது. மறுப்புக்கு வரி கிடையாது.

இலங்கையில் மிச்சமிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003-இல் வந்தது. இடையில் போனது 55 ஆண்டு. நம்மூர் யோக்கியதை என்ன? நமது விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளை எண்ணியது, இலங்கையை எண்ணவில்லை. 2021-இல் தமிழக அரசு அகதி முகாமுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. பெயர் வைப்பதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. பெயர்ப்பலகை போதும்; முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை கொடுங்கள்.