ஃபாதர் 'லைவ்'ல இருக்கார்!

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதி அம்பத்தூர், கொரட்டூர் பக்கத்துக் கத்தோலிக்க வாசகர்களுடையவை. பெயரைப் போட வேண்டாம் என்று எல்லோருமே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பங்குத்தந்தையும் இந்தப் பகுதியைப் படிக்கிறாராம்.

கோயில் மணி இருக்கும்போது ஃபாதருக்கு வாட்ஸாப் எதற்கு?
— ஓய்வுபெற்ற உபதேசியார், அம்பத்தூர் ஓ.டி.

மணிச் சத்தம் எஸ்டேட்டுக்குள் லேத் ஓடும் ஷெட் வரை எட்டாது. எட்டினாலும், நைட் ஷிஃப்ட் முடித்து ஏழு மணிக்குப் படுத்தவர் எட்டு மணிப் பூசைக்கு எழுந்து வர மாட்டார். 1960-களில் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விடிவதில்லை. 'மாலை ஆறரைக்கும் பூசை உண்டு' என்ற ஒரு வரி, அவர் கண் விழிக்கும்போது போனில் காத்திருந்தால் அதுவும் மணிதான்.

புதுக் கருவியோடு திருச்சபைக்குப் பகையும் கிடையாது. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இந்திய எழுத்தில் வந்த முதல் அச்சு நூல். கொண்டுவந்தவர் அன்றீக் அடிகளார் என்ற இயேசு சபைக் குரு. 1931-ல் வத்திக்கான் வானொலியை அமைத்துக் கொடுத்தவர் மார்க்கோனியேதான். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010-ன் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியைக் குருக்களுக்கென்றே எழுதினார்: டிஜிட்டல் உலகத்துக்குள் போங்கள் என்று. 2012 டிசம்பர் 12 அன்று தாமே முதல் ட்வீட்டைத் தட்டியபோது அவருக்கு வயது 85. உபதேசியாருக்கு அவ்வளவு ஆகியிருக்காது என்று நம்பலாம்.

பங்கு குரூப்பில் காலையில் நாற்பது ரோஜாப்பூ, இருபது மாதா படம். அறிவிப்பைத் தேடிக் கண் வலிக்கிறது.
— அன்பியப் பொறுப்பாளர், கொரட்டூர்

அறிவிப்புக்கு ஒரு குரூப். அதில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று பூட்டிவிட வேண்டும். பேச்சுக்கு அன்பியக் குரூப்கள் இருக்கின்றன, ரோஜாப்பூ அங்கே பூக்கட்டும். பூசை நேர மாற்றம், மறைக்கல்வி விடுமுறை, அடக்கப் பூசை, தேர்பவனி போகும் தெரு: பங்கு மக்கள் உண்மையில் தேடுவது இவற்றைத்தான்.

ஒரு எச்சரிக்கை. 'இன்னாருக்கு இன்ன நோய், செபியுங்கள்' என்று முழுப் பெயரோடு முந்நூறு பேருக்குப் போடுவது செபமல்ல, வம்பு. அந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும். பீடச்சிறார் படங்களுக்கும் இதே சட்டம்: முதலில் அம்மா அப்பா சம்மதம், பிறகுதான் ஃபேஸ்புக். பதினொரு பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்ற அஞ்சலட்டைக் காலத்துச் சங்கிலிக் கடிதம் வந்தால், அதை ஃபாதரே அழிக்கலாம். கெடுதல் எதுவும் வராது.

யூடியூபில் பூசை பார்த்தால் பூசை கண்ட கணக்கா?
— மூட்டுவலிப் பாட்டி, கள்ளிக்குப்பம்

பாட்டிக்கு முன்னோடி ஒருவர் உண்டு. அசிசி நகர் புனித கிளாரா நோயில் படுத்திருந்தபோது கோயிலில் நடந்த பூசையைத் தன் அறைச் சுவரிலேயே கண்டார் என்பது மரபு. அதற்காகவே 1950-களில் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலராக அறிவித்தார்கள். இன்றைக்கு என்றால் யூடியூபையும் சேர்த்திருப்பார்கள்.

கொரோனாக் காலத்தில் ஊர் முழுக்கக் கிளாராவானது. 2020 மார்ச் 27 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் மழை நனைத்த வெறும் வத்திக்கான் சதுக்கத்தில் தனியாக நின்று செபித்ததை உலகமே திரையில் பார்த்தது. அந்த ஆண்டு வேளாங்கண்ணித் திருவிழாவும் பக்தர் கூட்டமில்லாமல்தான் நடந்தது. நடைப்பயணம் போக வேண்டியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கும்பிட்டார்கள். தினமும் நேரலையில் பூசை வைத்த அதே பிரான்சிஸ்தான், அந்த ஏப்ரலில், இது நெருக்கடிக்கான வழி, திருச்சபை இப்படியே இருந்துவிட முடியாது என்றும் சொன்னார். நற்கருணையை நெட்வொர்க்கில் அனுப்ப வழியில்லை.

ஆக, நடக்க முடியாத பாட்டிக்கு ஞாயிறு பூசைக் கடன் கிடையாது, தாராளமாகப் பார்க்கலாம். பக்கத்தில் டீயோடு சாய்ந்திருக்கும் பேரனுக்கு அந்தச் சலுகை இல்லை. ஃபாதர் செய்ய வேண்டியது, பூசை முடிந்ததும் லைவ் கமென்ட்டுகளைப் படிப்பது. 'ஸ்தோத்திரம் சாமி, முட்டி வலி' என்று யாரோ எழுதியிருப்பார். முதல் வெள்ளி நற்கருணை கொண்டுபோகும் பட்டியலில் அந்தப் பெயர் ஏற வேண்டும்.

வாட்ஸாப்பில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?
— ஐ.டி. ஊழியர், அம்பத்தூர் எஸ்டேட்

முடியாது. 2011-ல் அமெரிக்காவில் பாவசங்கீர்த்தன ஆப் ஒன்று வந்தபோதே, பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராக உதவலாம், குருவின் இடத்துக்கு வராது என்று வத்திக்கான் தெளிவாக்கிவிட்டது. 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' பாவத்துக்கும் உண்டு. அந்தப் பொத்தான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருக்கிறது.

லைவில் உளறிவிட்டால் என்ன செய்வது? பிரசங்க வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்?
— குருமாணவர், பூந்தமல்லி

இத்தாலியின் சலெர்னோ பக்கம் பொல்லா என்ற ஊர். 2020 மார்ச்சில் அங்கே ஒரு பங்குத்தந்தை செபத்தை நேரலை செய்தார். கை தவறி ஃபில்டரைத் தட்டிவிட, பக்தியோடு செபித்தவரின் தலையில் தலைக்கவசமும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியும் மாறி மாறி ஏறின. அவருக்கு மட்டும் தெரியவில்லை. பிறகு தெரிந்ததும், சிரித்தாலும் நல்லதுதானே என்று எடுத்துக்கொண்டார். அந்த ஒரு வீடியோவால் அவருடைய சின்னப் பங்கு உலகத்துக்கே தெரிந்தது. உளறலுக்குப் பயப்பட வேண்டாம். போனை மட்டும் இளைஞர் இயக்கத்துப் பையனிடம் கொடுத்துவிடலாம். படம் மங்கினால் மன்னிப்பார்கள், சத்தம் கேட்காவிட்டால் போய்விடுவார்கள், அதனால் காசு இருந்தால் முதலில் மைக் வாங்க வேண்டும்.

நீளத்துக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ல் கணக்கே கொடுத்தார்: பிரசங்கம் 8 நிமிடத்தைத் தாண்டினால் மக்கள் தூங்குகிறார்கள். நம்மூர்க் கணக்கில், அம்பத்தூரில் ரயில் ஏறியவர் ஆவடியில் இறங்குவதற்குள் 'ஆமென்' வந்துவிட வேண்டும். வீடியோ என்றால் திருமுல்லைவாயலே போதும்.

ஃபாதர் பெயரில் 'அவசரம், 5000 அனுப்பு' என்று மெசேஜ் வந்தது.
— காணிக்கைக்காரர், பாடி

ஃபாதர் காசு கேட்டால் பிரசங்கத்திலேயே கேட்பார், ஊரறிய. போலிக் கணக்கு அது. பணம் போயிருந்தால் உடனே 1930-க்கு அடிக்க வேண்டும். பிறகு ஃபாதரிடம் சொல்லிப் பூசை முடிந்ததும் அறிவிக்கச் சொல்லலாம்.

எங்கள் ஃபாதருக்கு ஆயிரக்கணக்கில் ஃபாலோயர்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததே இல்லை.
— குடும்பத் தலைவி, பட்டரவாக்கம்

சமூக ஊடகத்தைப் பற்றி வத்திக்கான் 2023-ல் வெளியிட்ட ஆவணம் முழுக்க நல்ல சமாரியர் உவமையைச் சுற்றியே போகிறது. அந்தச் சமாரியர் அடிபட்டவரைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்தார். செல்ஃபி எடுத்ததாக லூக்கா எழுதவில்லை. 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரான கார்லோ அக்குத்திஸ், 15 வயதில் இறந்த பையன், தன் கணினித் திறமையைக் கொட்டிச் செய்த இணையதளம் நற்கருணைப் புதுமைகளைப் பற்றியது, தன்னைப் பற்றியதல்ல. ஃபாதரின் பக்கத்தில் பத்துப் படங்களில் ஒன்பது அவர் முகம் என்றால் பங்குப் பேரவையில் ஒருவராவது மெதுவாகச் சொல்லலாம்.

நீங்கள் அடுத்த வீடியோவின் கீழே 'ஃபாதர், எங்கள் வீட்டுக்கும் ஒருநாள் வாங்க' என்று எழுதுங்கள். விலாசத்தை மட்டும் தனியாக அனுப்புங்கள்.