கண்ணீருக்குக் கட்டம் கிடையாது!

கே: அமெரிக்காவில்கூடவா போர்முனையிலிருந்து திரும்பியவர்கள் வீடில்லாமல் தவிக்கிறார்கள்?
(முன்னாள் ராணுவ வீரரின் மகள், வேலூர்)

ப: தெருவிலும் தற்காலிக விடுதிகளிலுமாக 32,882 பேர். இது 2024 ஜனவரிக் கணக்கு. 2010-ல் ஏறத்தாழ 74,000. உங்கள் கோபம் நியாயம், தாயீ. ஆனால் பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறதே! அரசு மானியம் வாங்கி, வீடு வீடாகப் பேசி, ஆட்களைக் குடியேற்றிய தொண்டு நிறுவனங்களுக்கு அதில் பெரிய பங்கு. அவர்களும் கோபக்காரர்கள்தான், கோபத்தை விண்ணப்பமாக எழுதிவிட்டார்கள்.

கே: தெருவில் இருப்பவர்களை எப்படி ஐயா எண்ணுவது?
(நியூஜெர்சி வாசகர்)

ப: ஜனவரியின் கடைசி பத்து நாட்களுக்குள் ஓர் இரவு. கையில் டார்ச், படிவம். பாலத்தடி, பூங்கா, ஓரமாக நிற்கும் கார். கார்க் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறதா? உள்ளே ஒருவர் மூச்சு விடுகிறார். மெதுவாகத் தட்டி, “ராணுவத்தில் இருந்தீர்களா?” என்று கேட்க வேண்டும். மானியம் கேட்கப் போகிறவர் ஒரு ஜனவரியாவது இப்படி நடக்கட்டும். நடந்தவர் எழுதியது முதல் பக்கத்திலேயே தெரியும்.

கே: மானியத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது?
(தொண்டு நிறுவனச் செயலாளர், டல்லாஸ்)

ப: முக்கியமாக மூன்று. வீட்டை இழக்கப் போகிறவருக்கும் இழந்தவருக்கும் வாடகை பாக்கி, அட்வான்ஸ் கொடுத்துக் காப்பாற்ற எஸ்.எஸ்.வி.எஃப். தற்காலிகமாகத் தங்கவைக்க, ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று தரும் ஜி.பி.டி. இவை இரண்டும் முன்னாள் படைவீரர் நலத்துறையுடையவை. வேலைக்குத் தயார் செய்ய, தொழிலாளர் துறையின் எச்.வி.ஆர்.பி. ஒன்றுக்கு எழுதியதை இன்னொன்றுக்கு நகலெடுத்து அனுப்பாதீர்கள். ரசம் கேட்டவர் இலையில் பாயசம் ஊற்றினால் பசி தீராது.

கே: முதல் வேலை?
(அட்லாண்டா வாசகி)

ப: அரசின் ‘சாம்’ தளத்தில் பதிவு. அங்கேதான் உங்கள் அமைப்புக்குப் பன்னிரண்டு எழுத்து அடையாள எண் கிடைக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் சல்லிக்காசு கிடையாது. “நாங்கள் செய்து தருகிறோம், டாலர் கொடுங்கள்” என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். பதிவு முடிய வாரக்கணக்கில் ஆகலாம். மானிய அறிவிப்பு வந்த பிறகு பதிவைத் தொடங்குவது, முகூர்த்த நேரத்தில் தாலி செய்ய ஆசாரியைத் தேடுவது!

கே: உருக்கமாக எழுதினால் மானியம் கிடைக்குமா?
(சிகாகோ வாசகர்)

ப: அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது வீட்டுச் சட்டம். எஸ்.எஸ்.வி.எஃப். சட்டம் வேறு. மொத்தம் 100 மதிப்பெண்: தகுதியும் அனுபவமும் 35, சேவைத் திட்டம் 25, தர மதிப்பீடு 15, நிதி நிர்வாகம் 15, ஊரோடு உள்ள தொடர்பு 10. கூட்டிப் பாருங்கள், கண்ணீருக்குக் கட்டம் கிடையாது. உங்கள் இரக்கத்தை எண்ணாக்கிக் காட்டுங்கள்.

கே: எங்கள் அமைப்புக்கு வயது இரண்டு. அனுபவத்துக்கு 35 என்றால் நாங்கள் எங்கே போவது?
(சியாட்டில் வாசகர்)

ப: ஏற்கெனவே மானியம் பெறும் பெரிய அமைப்போடு துணை ஒப்பந்தம் போடுங்கள். பத்துப் பேருக்கு வீடு பிடித்துக் கொடுங்கள், ஒவ்வொருவருக்கும் கோப்பு வைத்திருங்கள். அடுத்த முறை அந்தப் பத்துக் கோப்பும் உங்களுக்காகப் பேசும். கூரை ஏறிக் கோழி பிடித்த பிறகு வைகுண்டம்!

கே: விண்ணப்பக் கெடு நாளில் நள்ளிரவு வரை நேரம் இருக்குமல்லவா?
(ஃப்ரீமாண்ட் வாசகர்)

ப: அறிவிப்பைப் படியுங்கள். பெரும்பாலும் அது கிழக்குக் கரை நேரம். மாலை நான்கு மணி என்று போட்டிருந்தால், கலிபோர்னியாவில் நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவும் மதியம் ஒரு மணிக்கே கதவு சாத்தியாயிற்று.

கே: படையில் இருந்ததற்கு ஆவணமே இல்லாதவரை என்ன செய்வது?
(சான் டியாகோ வாசகி)

ப: விடுப்புச் சான்றின் பெயர் டி.டி. 214. பலரும் பிளாஸ்டிக் பையில் மடித்து நெஞ்சோடு வைத்திருப்பார்கள். தொலைத்தவருக்கு செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் நகல் கேட்கலாம். 1973 ஜூலையில் அங்கே பற்றிய தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. அதற்கும் மாற்று ஆதாரங்களைத் தேடித் தருகிறார்கள். 24-ஆம் கட்டத்தையும் பாருங்கள்: எப்படிப்பட்ட விடுப்பு என்று அங்கே இருக்கும். நற்சான்று இல்லை என்பதற்காகவே துரத்திவிடாதீர்கள். இழிவு விடுப்போ, பொது ராணுவ நீதிமன்றத் தண்டனையால் வந்த விடுப்போ இல்லையென்றால் எஸ்.எஸ்.வி.எஃப். கதவு திறக்கும்.

கே: நிர்வாகச் செலவுக்கு எவ்வளவு எடுக்கலாம்?
(கணக்காளர், பாஸ்டன்)

ப: எஸ்.எஸ்.வி.எஃப்.பில் பத்து சதவீதம் வரை. தொண்ணூறு சேவைக்கு. வாடகை உதவியும் நேரே வீட்டுக்காரருக்குப் போக வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. அளந்த ரசீதையும் பத்திரமாக வை.

கே: முன்னாள் வீரர்கள் வீடில்லாமல் தவிப்பதை ஓர் ஊரில் முற்றிலும் ஒழிக்க முடியுமா?
(ஹூஸ்டன் வாசகர்)

ப: உங்கள் ஊரையே கேளுங்கள்! 2015 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ், ஜூனில் ஹூஸ்டன், ஒழித்துவிட்டதாக அறிவித்தன. இனி யாருமே தெருவுக்கு வரமாட்டார்கள் என்று அதற்கு அர்த்தமில்லை. வந்தால் சீக்கிரம் வீடு தர ஏற்பாடு இருக்கிறது என்று அர்த்தம். போட்டி போட்ட அமைப்புகள் ஒரே பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தன. ஊர் கூடித் தேர் இழுத்தது.

கே: மானியம் கிடைத்துவிட்டது. வெற்றிதானே?
(டல்லாஸ் செயலாளர், மறுபடியும்)

ப: வாழ்த்துகள்! ஆனால் கிடைத்தது காசோலை. ஒரு வீரர் கையில் வீட்டுச் சாவி வந்த நாளைக் குறித்து வையுங்கள். ஓராண்டு கழித்துப் போய்க் கதவைத் தட்டுங்கள். அவரே திறந்து, “உள்ளே வாங்க” என்றால், அதுதான் வெற்றி.