அன்று தூரம், இன்று நேரம்

1990களின் நடுவில் சியாட்டல் பக்கம் குடிவந்த ஒருவன், ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க முதல் ரீல் வாங்கக் கடைக்குப் போனால் அவனுக்குப் பெரிய குழப்பம் இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் உருண்டை வாக்கில் சில ரீல்கள் இருக்கும். சினூக் சால்மனுக்குப் பெரியது, ஸ்டீல்ஹெட்டுக்கு ஒரு படி சிறியது என்று கடைக்காரரே எடுத்து வைப்பார். கையிருப்பைப் பார்த்து ஒன்றை வாங்கி வர வேண்டியதுதான். நான் வாங்கியது அபு கார்சியாவின் அம்பாசடர் 6500. இன்றும் அதற்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். இன்றும் அலுங்காமல் சுற்றுகிறது.

அன்று எங்கள் கையில் இருந்தது கனத்த உலோகச் சக்கரமும் உள்ளே சின்ன பிரேக் கட்டைகளும்தான். ஆற்றில் மீன் இருந்தது. இன்று ரீலுக்குள் கணினிச் சில்லு வைக்கிறார்கள். உருளை சுழல்கிற வேகத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும், பேட்டரியே கிடையாது. அப்படிப்பட்ட கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வாரம் ஆறு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அரசின் அறிவிப்பைப் பார்த்துக் காத்திருக்கிறோம். மனசு கனக்கத்தான் செய்கிறது.

ஸ்டீல்ஹெட் நமக்கு முற்றிலும் அந்நியமான மீன் அல்ல. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விட்ட ரெயின்போ டிரவுட் இருக்கிறதே, அதே இனம்தான். இங்கே பசிபிக் கரையில் அந்த டிரவுட்டில் ஒரு பகுதி ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், அங்கே இரண்டு மூன்று வருடம் தின்று கொழுத்து, வெள்ளியாய் மின்னிக்கொண்டு பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்து, மறுபடி கடலுக்குப் போய், மறு வருடமும் வரும். வாஷிங்டன் மாநிலத்தின் மாநில மீன் இதுதான். குளிர்கால மீன் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை ஏறும். தண்ணீர் நாலைந்து டிகிரியில் இருக்கும்போது இடுப்பளவு நீரில் நின்று பிடிக்க வேண்டும்.

இதற்கு ஏன் பெயிட்காஸ்டிங் ரீல், சாதாரண ஸ்பின்னிங் ரீல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதும். அதில் பிடிப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஸ்பின்னிங் ரீலில் உருளை அசையாது, நரம்பு அதன் விளிம்பில் வழிந்து போகும். பெயிட்காஸ்டிங்கில் உருளையே சுழலும், அதன்மேல் நம் கட்டைவிரல் இருக்கும். தக்கையைப் போட்டுவிட்டு அது ஓட்டத்தோடு இயல்பாகப் போகும்படி இந்த ஆறுகளில் நரம்பை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தக்கை கொஞ்சம் இழுபட்டாலும் கீழே கொக்கி நீரின் வேகத்தில் போகாது, மீன் சந்தேகப்படும். விரல் நுனியில் நரம்பை விடுவதும் நிறுத்துவதும் இந்த ரீலில்தான் சுலபம். மீன் தக்கையை இழுத்ததும் விரலை அழுத்திக் கோலைத் தூக்கினால் போதும், கொக்கி ஏறிவிடும்.

கஷ்டம் வீசும்போதுதான். கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்ட பிறகும் ராட்டினம் சுற்றிக்கொண்டே இருந்தால் கயிறு தளர்ந்து குவியும் அல்லவா, அதுதான் இங்கேயும். ஈயமும் தக்கையும் காற்றில் வேகம் குறையும்போது உருளை குறையாது. வெளியே போகிற நரம்பைவிட அவிழ்கிற நரம்பு அதிகமாகி, உருளையின் மேல் பொங்கி, சிக்கிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் பிரேக். அதற்கும் மேலே கட்டைவிரல்.

இந்த வகை ரீலின் வம்சத்தைப் பார்த்தால் இரண்டு இடத்தில் கடிகாரக்காரர்கள் வருகிறார்கள். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை பல சுற்று சுற்றும்படி பல்சக்கரம் வைத்த ரீலை அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தவர் ஜார்ஜ் ஸ்னைடர், கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்ற ஊரில் கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். ஸ்வீடனின் அபுவும் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியதுதான். பிறகு டாக்ஸி மீட்டர் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் இல்லை, டாக்ஸி ஓடவில்லை, மீட்டர் யாருக்கு வேண்டும்? தொழிற்சாலை மீன்பிடி ரீல் பக்கம் திரும்பியது. 1952இல் சிவப்பு நிறத்தில் அம்பாசடர் 5000 வந்தது. அந்தத் தொழிற்சாலை இருந்த ஸ்வாங்ஸ்டா ஊர் மோரும் ஆற்றின் கரையில் இருக்கிறது. மோரும் சால்மனுக்குப் பேர்போன ஆறு. சால்மன் ஆற்றங்கரையில் பிறந்த ரீல் உலகத்தைச் சுற்றி வந்து இன்னொரு சால்மன் ஆற்றங்கரையில் என் கைக்கு வந்ததில் எனக்கு அன்றிலிருந்தே ஒரு பெருமை.

எனக்கு அந்த 6500ஐ விற்ற கடைக்காரர் வயதானவர். ரீலைக் கோலில் மாட்டி, நரம்பின் நுனியில் ஈயத்தைக் கட்டி, கோலை மார்பளவு உயரத்தில் பிடித்துக்கொண்டார். பக்கவாட்டில் இருந்த சின்னக் குமிழை இறுக்கினார். பொத்தானை அழுத்தினார். ஈயம் அசையவில்லை. குமிழை மயிரிழை தளர்த்தினார், இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். ஈயம் தயங்கித் தயங்கி இறங்கி, தரையைத் தொட்டதும் உருளை அதே நொடியில் நின்றது. ஒரு சுற்றுகூட மிஞ்சவில்லை. “ஈயத்தை மாற்றினால் இதையும் மாற்று. விரல் பழகப் பழக இதைத் தளர்த்து” என்றார். இன்றைய சில்லு ரீலுக்கும் முதல் பாடம் இதுதான். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று கடையிலும் கரையிலும் பேச்செல்லாம் தூரத்தைப் பற்றித்தான். எதிர்க்கரைப் பாறைக்கு அந்தப் பக்கம் விழுமா? எத்தனை கஜம் நரம்பு கொள்ளும்? பெரிய மீன் ஓடினால் தாங்குமா? ஓலிம்பிக் தீபகற்பத்தின் ஹோ, போகச்சீல், சோல் டக் ஆறுகளில் ஆற்றிலேயே பிறந்த மீனையும் கணக்குக்கு உட்பட்டு வீட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. ஆகவே ரீல் என்றால் மீனைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் இயந்திரம். அதற்கு மேல் அதனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மீன் குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் சொன்னது சரி. சியாட்டலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்கழியில் சேரும் ஆறுகளின் சினூக் 1999இல் கூட்டாட்சி அரசின் ஆபத்துக்குள்ளான உயிரினப் பட்டியலுக்குப் போனது. 2007இல் அதே ஆறுகளின் ஸ்டீல்ஹெட்டும் போனது. அவற்றில் ஒன்றான ஸ்காஜிட் ஆற்றின் வசந்தகாலப் பருவம், பிடித்தாலும் விட்டுவிட வேண்டிய பருவம்தான், அதுவே ஏறக்குறைய பத்தாண்டு மூடிக் கிடந்து 2018 ஏப்ரலில் சில நாட்களுக்குத் திறந்தது. ஓலிம்பிக் தீபகற்பத்தில் ஆற்றில் பிறந்த ஸ்டீல்ஹெட்டை வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த கடைசிச் சலுகையும் 2016இல் எடுக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அந்தக் கரையோர ஆறுகளில் படகிலிருந்து மீன் பிடிக்கக் கூடாது, இரை கூடாது, எதிர்முள் இல்லாத ஒற்றைக் கொக்கிதான் என்று விதி வந்தது. அணை, மரவெட்டு, சூடேறும் கடல், பண்ணைக் குஞ்சுகளின் கலப்பு என்று காரணங்கள் பல. ஒன்றைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நான் நம்புவதில்லை.

ஆனால் நம்பிக்கை கொடுக்கிற சேதியும் இருக்கிறது. ஓலிம்பிக் தீபகற்பத்தின் எல்வா ஆற்றில் மீன் ஏற வழியே வைக்காமல் கட்டிய இரண்டு அணைகளை 2011இல் தொடங்கி 2014க்குள் இடித்தார்கள். அணைக்கு மேலே ஒரு நூற்றாண்டாக அடைபட்டுக் கிடந்த ரெயின்போ டிரவுட்டின் உடம்பில் கடலுக்குப் போகும் குணம் அழியாமல் இருந்திருக்கிறது. வழி திறந்ததும் அவற்றின் வாரிசுகள் கடலுக்குப் போய், கோடைக்கால ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பி வந்தன. யாரும் பண்ணையில் பொரித்து விடவில்லை. இதைப் படித்த அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன்.

ஆகவே இன்று தன் முதல் ரீலை வாங்குகிறவனிடம் நான் தூரத்தைப் பற்றிப் பேசுவதில்லை, நேரத்தைப் பற்றிப் பேசுகிறேன். மாட்டிய மீன் எவ்வளவு சீக்கிரம் கைக்கு வருகிறது, எவ்வளவு சீக்கிரம் போகிறது? போராட்டம் நீள நீள மீனின் தசையில் அமிலம் ஏறும். தண்ணீர் 20 டிகிரியை நெருங்கும் கோடையில் அதற்கு மூச்சுவிட ஆக்சிஜனும் குறைவு. நீந்திப் போவதுபோல் போய், அப்புறம் செத்துப்போகிற மீன்கள் உண்டு. அந்த நேரத்தைக் குறைக்கிற ரீல்தான் நல்ல ரீல்.

அக்கா மகன் சியாட்டலை அடுத்த பாத்தெல் பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனுக்கு இந்த வருடம் ஆசை வந்திருக்கிறது. கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். சுவர் முழுக்க ரீல். தட்டையான, உள்ளங்கைக்குள் அடங்குகிற ரீல்கள். என் 6500 முந்நூறு கிராமைத் தாண்டும், இவை இருநூறை ஒட்டி நிற்கின்றன.

“மாமா, இதுல டிராக் 25 பவுண்டுனு போட்டிருக்கு. இதையே எடுத்துக்கவா?”

“உன் லீடர் எத்தனை பவுண்டுடா?”

“நீங்க 12 வாங்கச் சொன்னீங்க.”

“அதுல கால் பாகமோ மூணுல ஒரு பாகமோதான் டிராக் வைக்கணும். மூணு, நாலு பவுண்டு. மிச்சத்தை வச்சு என்ன பண்ணுவ?”

மீன் இழுக்கும்போது நரம்பை இறுக்கத்தோடு விட்டுக்கொடுக்கும் பிரேக்தான் டிராக், கொக்கியை ஒட்டிக் கட்டும் மெல்லிய நரம்புதான் லீடர். டிராக்கில் பார்க்க வேண்டியது பலத்தை அல்ல, அது தொடங்கும் விதத்தை. ஸ்டீல்ஹெட்டின் முதல் ஓட்டம் பயங்கரமானது. அந்த நொடியில் டிராக் தட்டுகள் ஒட்டிக்கொண்டு ஒரு கணம் தயங்கினாலும் லீடர் அறுந்துவிடும், கொக்கி வாயிலேயே தங்கிப்போகும். கடையிலேயே நரம்பைக் கட்டி, மூன்று பவுண்டு அளவுக்கு வைத்து, கையால் மெதுவாக இழுக்கச் சொன்னேன். விலை கூடிய ஒன்று முதலில் வெடுக்கென்று குதித்துவிட்டு ஓடியது. நடு விலையில் இருந்த ஒன்று, கார்பன் தட்டு வைத்தது, இழுத்த மாத்திரத்தில் வழுவழுவென்று வந்தது. அவன் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்தான். முகத்தில் தெரிந்தது, புரிந்துவிட்டது.

அடுத்தது சுற்றும் வேகம். எதிர்முள் இல்லாத கொக்கியில் மீனைத் தக்கவைப்பது இறுக்கம் ஒன்றுதான். மீன் நம்மை நோக்கி ஓடிவரும்போது நரம்பு ஒரு நொடி தொய்ந்தால் கொக்கி நழுவிவிடும். என் பழைய ரீலில் கைப்பிடிக்கு உருளை ஐந்து சுற்றைக் கொஞ்சம் தாண்டும். அன்றைய எதிர்முள் கொக்கிக்கு அது போதும். இன்றைக்கு ஏழு சுற்றை ஒட்டி இருப்பது நல்லது, ஒரு சுற்றுக்கு முக்கால் மீட்டர் நரம்பு வந்துவிடும். விதி மாறியதால் சக்கரமும் மாற வேண்டியிருக்கிறது.

கைப்பிடி எந்தப் பக்கம்? அன்று பெரும்பாலும் வலப்பக்கம்தான் கிடைக்கும். வலது கையால் வீசி, கோலை இடது கைக்கு மாற்றி, பிறகு சுற்றுவோம். தக்கை தண்ணீரில் விழுகிற அந்த முக்கியமான நொடியில் கை மாறிக்கொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு அந்தப் பழக்கம் எதற்கு? வலது கைக்காரனான அவனை இடப்பக்கக் கைப்பிடியே எடுக்கச் சொன்னேன். பழகிய நான் மாறப் போவதில்லை.

சில்லு வைத்த ரீலை அவன் ஆசையாகப் பார்த்தான். அருமையான வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் தக்கையும் ஈயமும் சேர்ந்து கனமாக இருக்கிற இந்த முறைக்கு சாதாரண பிரேக்கே தாராளம், விரலும் பழக வேண்டும். மிச்சப் பணத்தில் நல்ல வலை வாங்கலாம். முடிச்சு இல்லாத ரப்பர் வலை, மீனின் செதிலும் வழவழப்பும் உரியாது. நரம்புக்கு 30 பவுண்டு பின்னல் நூல். மெல்லியது, தண்ணீரில் மிதக்கும், ஓட்டம் இழுத்துப்போகும் நூலைத் தூக்கி மேலே போட்டுக்கொள்ளலாம். அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றிவிட்டு அதன்மேல் பின்னல் நூலைச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் உருளையில் வழுக்கிக்கொண்டே இருக்கும். சினூக்குக்கும் இதுவே போதுமா என்று கேட்டான். போதாது, அதற்குப் பெரிய உருண்டை ரீல்தான். அது அடுத்த வருடக் கதை.

பில் போடுமுன் அவனுக்கு ஒரு பாடம் மட்டும் நடத்தினேன். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே கொழுப்புபோல ஒரு குட்டித் துடுப்பு இருக்கும். அது வெட்டுப்பட்டிருந்தால் பண்ணை மீன். முழுசாக இருந்தால் ஆற்றில் பிறந்தது, அதைத் தண்ணீரைவிட்டு வெளியே தூக்கவே கூடாது, படம் எடுக்கக்கூட. இந்த மாநிலத்தில் அது சட்டம். குறடால் கொக்கியைத் திருப்பி எடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடித்திருந்தால் தானே உதறிக்கொண்டு போய்விடும்.

டிசம்பரில் போகச்சீலுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே பண்ணை மீன்கள் அந்த மாதத்திலேயே ஏறத் தொடங்கும், துடுப்பு வெட்டியது ஒன்று கிடைத்தால் வீட்டுக்குக் கொண்டுவரலாம். அக்காவுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. குழம்பில் போட்டால் சதை கரைந்துவிடும், மிளகு தடவி வறுத்துத்தான் தருவேன் என்று போனில் சொல்லிவிட்டார். அதுவரை அவன் தினமும் மாலையில் வீட்டுப் பின்பக்கப் புல்தரையில் ஈயத்தைக் கட்டி வீசிப் பழகுகிறான். நேற்று நான் போனபோது குமிழை ஒரு சுற்று தளர்த்தியிருந்தான்.