‘பூசுனா சரியாயிடும் சார்’: ஒரு வாக்கியத்தின் கட்டட இலக்கணம்

தமிழ்நாட்டில் சொந்த மனையில் வீடு கட்டுகிறவர் கடைக்கால் தோண்டிய நாள்முதல் பால் காய்ச்சும் நாள்வரை கேட்கும் வாக்கியங்களைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றுள் தலையாயது ‘பூசுனா சரியாயிடும் சார்’ என்பதே. இது ஏட்டில் எழுதப்பட்டதில்லை, கல்லில் பொறிக்கப்பட்டதும் இல்லை. ஆயினும் ஓசூரில் ஒலிப்பதுபோலவே நாகர்கோவிலிலும் ஒலிக்கிறது. வேதத்தை எழுதாக் கிளவி என்பார்கள். அந்தப் பெயருக்கு இன்று உரிமையுள்ள வாக்கியம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சுவர் சாய்வதும், தளம் ஒழுகுவதும், தரை ஏறி இறங்குவதும் சிமெண்டாலும் எம்-சாண்டாலும் கம்பியாலும் நேர்பவை என்று பொறியாளர்கள் கருதுகிறார்கள். அவர்கள் பொருளைப் பார்த்தார்கள், மொழியைப் பார்க்கவில்லை. வீட்டின் குறை முதலில் இலக்கணத்தில் உண்டாகி, பிறகுதான் செங்கல்லில் குடியேறுகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வாக்கியத்தைப் பிரிப்போம். ‘பூசினால்’ என்பது செயின் என்னும் வாய்பாட்டு வினையெச்சம். பூசுவது யார் என்று அது சொல்லவில்லை. ‘சரியாகிவிடும்’ என்பதற்கோ எழுவாயே கண்ணில் படவில்லை, தோன்றா எழுவாய். ‘விடு’ என்னும் துணைவினை துணிவுப் பொருளில் வந்திருக்கிறது, அதாவது ஐயமே வேண்டாம் என்கிறது. இதையெல்லாம்விட முக்கியம் அந்த ‘உம்’. செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று தன்மையிலும் முன்னிலையிலும் பலர்பாலிலும் வராது என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பவணந்தியார் நன்னூலில் வகுத்த விதி. விதியைக் கட்டடத்தில் பொருத்திப் பாருங்கள். தன்மை இல்லை என்றால் மேஸ்திரி இல்லை. முன்னிலை இல்லை என்றால் எதிரே நிற்கும் வீட்டுக்காரர் இல்லை. பலர்பால் இல்லை என்றால் வேலையாட்கள் என்ற கூட்டமும் இல்லை. மனிதரில் மிஞ்சுகிறவர் படர்க்கை ஒருமையில் ஒரே ஒருவன்: போன வாரம் வந்துவிட்டு இந்த வாரம் ஊருக்குப் போய்விட்ட அந்தப் பையன். எந்தக் கோணலுக்கும் கடைசியில் அவன் பெயர்தானே அடிபடுகிறது! பவணந்தியார் சென்ட்ரிங் பலகைகளுக்கு நடுவே சில மாதங்களாவது நின்றிருக்க வேண்டும் என்று ஊகிக்க இடமுண்டு.

நடந்து முடிந்த குறையைச் சொல்லும் வினைகளும் இதே குடும்பம். சுவர் ‘கோணிடுச்சு’, தரை ‘இறங்கிடுச்சு’, பூச்சு ‘விட்டுடுச்சு’, பெயிண்ட் ‘பொரிஞ்சிடுச்சு’. எல்லாமே தன்வினை. ‘கோணலாக்கினேன்’ என்ற பிறவினை வடிவம் கட்டட வழக்கில் கிடைப்பது அரிது. செங்கல்லிலும் மணலிலும் இருந்த உப்பு ஈரத்தோடு வெளியே வந்து சுவரில் வெள்ளையாகப் படிவதைக்கூட ‘உப்பு பூத்திடுச்சு’ என்கிறார்கள். கழுவாத மணலைக் கண்டிக்க வந்தவர் ஒரு மலர்ச்சியைப் பாராட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மூல வாக்கியம் தொழிலுக்குத் தொழில் பாடபேதம் கொள்கிறது. ஒரே ஒரு சுவரைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும். செங்கல் கட்டுமானத்துக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 2212, மூன்று மீட்டர் உயரத்தில் 6 மில்லிமீட்டருக்கு மேல் சுவர் சாயக்கூடாது என்கிறது. கொத்தனாரின் கணக்கில் ஏறத்தாழ இரண்டு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம். நம் சுவர் ஓர் அங்குலம் சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். கட்டியவர் ‘பூசுனா சரியாயிடும்’ என்கிறார். உள்பூச்சின் வழக்கமான கனம் 12 மில்லிமீட்டர், அதாவது நாலு நூல். சாய்வை மறைக்க அது ஓரிடத்தில் நாலு நூலாகவும் இன்னோரிடத்தில் பன்னிரண்டு நூலாகவும் போக வேண்டியிருக்கிறது. அவ்வளவு கனத்தை ஒரே கையில் பூசினால் சொந்த எடையிலேயே அது சரியும், காயும்போது வெடிக்கும், தட்டினால் டொக் டொக்கென்று வெற்றொலி தரும். பூச்சாள் ‘பட்டி பார்த்தா சரியாயிடும்’ என்று அடுத்த பாடத்தைத் தருகிறார். பட்டியின் கனமோ ஓரிரு மில்லிமீட்டர்தான். பெயிண்டர் ‘ரெண்டாவது கோட்ல தெரியாது’ என்கிறார். வினை ‘சரியாகும்’ என்பதிலிருந்து ‘தெரியாது’ என்பதற்கு நழுவிவிட்டதைக் கவனிக்க வேண்டும். டியூப்லைட் மாட்டுகிறவர் வந்து விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பொருத்துகிறார். அன்றிரவு மேடு பள்ளம் அத்தனையும் நிழலோடு தெரிகிறது. இறுதிப் பாடத்தைச் சொல்பவர் வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்: ‘குடி வந்தா பழகிடும்.’ அந்த இடத்தில் பீரோ வைக்கப்படுகிறது. பீரோவுக்கும் சுவருக்கும் இடையே கீழே ஒரு விரலும் மேலே இரண்டு விரலும் இடைவெளி இருக்கும்.

இதுவரை அழகு கெட்டது, அவ்வளவே. பலம் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்த வாக்கியம் ஆபத்தானது. பில்லரின் பலகையைப் பிரித்ததும் ஜல்லி மட்டும் தனித்தனியே தெரிய, தேன்கூடு போலப் பொந்துகள் இருந்தால், வைப்ரேட்டர் சரியாக ஓடவில்லை அல்லது பலகை இடுக்கு வழியே சிமெண்ட் பால் வடிந்துவிட்டது என்று பொருள். உடனே ஒரு சட்டி கலவை குழைக்கப்பட்டு, பொந்துகளின் வாயில் அப்பப்படுகிறது. வாய் மூடிக்கொள்கிறது, வயிறு காலியாகவே இருக்கிறது. கான்கிரீட்டுக்கான குறியீடு ஐ.எஸ். 456, பில்லர் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் கான்கிரீட் கவசம் கேட்பது காற்றும் ஈரமும் கம்பியைத் தொடக்கூடாது என்பதற்காக. பொந்து வழியே அவை தொட்டால் கம்பி துருவேறும்; துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; உள்ளிருந்தே தள்ளிக் கான்கிரீட்டைப் பிளக்கும். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, உள்ளே கிரவுட் செலுத்தி நிரப்புவதே முறையான மருந்து. நனைப்பதும் அப்படித்தான். சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், இன்று பரவலாக விற்கும் பி.பி.சி. போன்ற கலப்புச் சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள், அதையும் 14 நாளாக நீட்டுவது நல்லது, வெயிலும் வறட்சியும் இருந்தால் எதற்கும் 10 நாளுக்குக் குறையக்கூடாது என்கிறது அதே குறியீடு. மாட்டுக்குக் காட்டுவதுபோல் கான்கிரீட்டுக்கும் தண்ணீர் காட்ட வேண்டும். மூன்றாம் நாளே பாத்தி காய்ந்து கிடக்கிறது என்றால், தண்ணீர் காட்டப்பட்டது வேறொருவருக்கு.

குளியலறையில்தான் இந்த வாக்கியம் தோற்கிறது. தரை போடும்போது வாட்டம் தப்பினால் ‘டைல்ஸ் ஒட்டும்போது பார்த்துக்கலாம்’ என்பது அங்குள்ள பாடம். டைல்ஸ் ஒட்டுகிறவர் தம் பங்குக்கு ‘தண்ணி தானா போயிடும்’ என்கிறார். மீண்டும் ஓர் ‘உம்’. ஆனால் தண்ணீர் தமிழிலக்கணம் படித்ததில்லை. அது வடிகாலுக்கு நேர் எதிர் மூலையில், வாஷிங் மெஷினுக்கு அடியில் சென்று அமர்ந்துகொள்கிறது. இதில் ஒரு சோகம் உண்டு. வீடு முழுக்க ஒரே மட்டம் குறிக்க மேஸ்திரி கையாண்ட டியூப் லெவலில் இருந்ததும் இதே தண்ணீர்தான். அன்று சாட்சியாக அழைத்தபோது அதன் சொல்லை வேதமாக எடுத்துக்கொண்டவர்கள், பின்னால் அது கேட்காமலே வந்து சொன்ன சாட்சியத்தை வைப்பரால் தள்ளிவிடுகிறார்கள்.

மறுப்புகள் வரும். முதலாவது: இது வெயிலில் உழைக்கும் கொத்தனார்மேல் சுமத்தும் பழி; பூச்சு இருப்பதே சிறு மேடு பள்ளத்தை நிரவத்தானே? உண்மை. இரண்டு நூல்வரை அந்த வாக்கியம் பொறியியல், அதற்குமேல் இலக்கியம். எல்லையைச் சொல்லாததே அதன் குற்றம், சொன்னவரின் குற்றமில்லை. தமிழ்க் கொத்தனாருக்கு மட்டும் உரியதும் இல்லை இது. இத்தாலியின் பைசா நகரில் 1173இல் தொடங்கிய மணிக்கோபுரம் மூன்றாம் அடுக்கு எழும்போதே சாயத் தொடங்கியது. ஒரு நூற்றாண்டு கழித்து வேலையைத் தொடர்ந்தவர்கள் சாய்ந்த பக்கத்தில் மேலடுக்குகளைச் சற்று உயர்த்திக் கட்டி நிமிர்த்தப் பார்த்தார்கள். கோபுரம் மேலும் அமிழ்ந்ததோடு வாழைக்காய்போல் வளைந்தும் போனது. ‘அடுத்த மாடில சரி பண்ணிடலாம்’ என்பதன் இத்தாலிய வடிவம் எதுவென்று மொழியியலார் தேடலாம். வளைந்தபிறகு அந்தக் கோபுரத்துக்குக் கிடைத்த சுற்றுலா வருமானம் நம் படுக்கையறைச் சுவருக்குக் கிடைக்க வாய்ப்பில்லை.

இரண்டாம் மறுப்பு கடினமானது. வீட்டுக்காரர் யோக்கியமா? அவர் தளம் போடும் வாரத்தில் பணம் கேட்கும் மேஸ்திரியிடம் ‘ரூஃப் போட்டதும் லோன் வந்துடும், வந்ததும் கொடுத்துடலாம்’ என்கிறார். வங்கி வீட்டுக்கடனைக் கட்டம் கட்டமாக, பெரும்பாலும் அந்தக் கட்டத்து வேலை முடிந்தபின்தான் தருகிறது என்பதால் இது பொய்யும் அல்ல. ஆனால் ‘வந்துடும்’ என்பதை இலக்கணத்தில் வைத்துப் பாருங்கள்: அதே செய்யும் முற்று, கொடுப்பவர் பெயரும் இல்லை. இரண்டு எதிர்காலங்கள் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கும் கட்டடத்தையே வீடு என்கிறோம். மனையடி சாஸ்திரத்துக்காக அறையின் உள்ளளவில் அரை அங்குலம் விட்டுக்கொடுக்காத அதே வீட்டுக்காரர் தூக்குக்குண்டை ஒருமுறைகூடக் கையில் எடுப்பதில்லை. சுவர் ஓர் அங்குலம் சாய்ந்தால் தரையளவுக்கு ஒரு பலனும் கூரையளவுக்கு வேறொரு பலனும் வரும். எது அந்தக் குடும்பத்துக்கு உரியது என்று சாஸ்திரம் கூறவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பது மூன்றாவது. இருக்கிறது, அதற்கு எழுவாய் வேண்டும். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டிய கட்டுமானக் குறையைக் கட்டி விற்றவர் 30 நாளில் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. சொந்த மனையில் சதுர அடிக் கணக்கில் கட்டுகிறவருக்கு அது பொருந்தாது. அவருக்கு உதவுவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் ‘சேவை’ என்பதன் விளக்கத்துக்குள் வீடு கட்டுமானமும் அடங்கும். ஆனால் ஆணையத்தில் நீட்ட வேண்டிய ஒப்பந்தம் பல வீடுகளில் சட்டைப்பை டைரியில் இரண்டு வரியாக இருக்கிறது. அதிலும் எழுவாய் இல்லை.

மரத்தின் கோணலை நூல் தீர்ப்பதுபோல மனத்தின் கோணலை நூல் தீர்க்கும் என்று நன்னூல் பாயிரமே இரண்டையும் சேர்த்துப் பேசுகிறது. ஆகவே மருந்தும் இலக்கணத்தில்தான். அடுத்தமுறை மேஸ்திரி ‘பூசுனா சரியாயிடும்’ என்றால் சண்டை வேண்டாம். ‘அண்ணே, எத்தனை நூல் பூசுவீங்க? மிச்சத்தை யார் செலவில் இடிப்பீங்க?’ என்று மட்டும் கேளுங்கள். ‘நான் பிரிச்சுக் கட்டித் தர்றேன்’ என்று தன்மை ஒருமையில் பதில் வந்தால், தேதியோடு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதே தாளில் ‘நான் பணம் தருகிறேன்’ என்று தேதியோடு எழுத வேண்டியவர் நீங்கள். இவ்வளவு சொன்னபின்னும் கட்டுரையில் ஓரிரு இடங்களில் வாதம் சற்றே கோணிவிட்டது. அச்சானதும் சரியாகிவிடும்.