கணக்கில் வராத ஒரு நொடி

பெருமதிப்புக்குரிய மின் விநியோகப் பிரிவு அலுவலகத்தாருக்கு,

புகாருக்குத் தாங்கள் அருளிய பதில் கிடைத்தது. மின்சாரம் ஒரு நொடி மட்டுமே நின்றதால் அதை மின்தடையாகக் கருத இயலாது, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று இரண்டே வரியில் தெரிவித்திருந்தீர்கள். இருபதாம் தேதி மதியம், ஜிஎஸ்டிஆர்-3பி வரிக்கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள், சர்வர் விழுந்து எழுந்ததும் டேலி டேட்டா திறக்க மறுக்கிறது, கணக்குப்பிள்ளை ரீரைட் போட்டுவிட்டுக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் இந்தப் பதிலைப் படிக்கும் எந்த முதலாளியும் நெகிழ்ந்து போவார். நொடிக்கணக்கில் இத்தனை கறாரான அலுவலகம் வேறு எங்கே இருக்கிறது? மீட்டர் மாற்றக் கொடுத்த மனுக்கள் மட்டும் ஏனோ இன்னும் மாதக்கணக்கில் இருக்கின்றன.

தங்கள் ஒரு நொடியைச் சற்றுப் பிரித்துப் பார்க்க அனுமதி வேண்டும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் முழுச் சுமையில் தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி நொடி. ஒரு சுற்றுக்கே காணாது. ஆக, தங்கள் ஒரு நொடிக்குள் ஒரு சர்வர் அறுபது தடவை சாகலாம். தாங்கள் பகல் முழுக்க நிறுத்தும் மாதாந்திரப் பராமரிப்பு எவ்வளவோ தேவலை. முதல் நாளே பேப்பரில் போட்டுவிடுகிறீர்கள், நாங்களும் முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு வேறு வேலை பார்க்கிறோம். ஒரு நொடிதான் சொல்லாமல் வரும், அதுவும் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது வரும். பல டிஸ்க்குகளில் தரவைப் பிரித்து வைக்கும் ரெய்டு 5 அமைப்பில் தரவு ஒரு டிஸ்க்கில் ஏறி, அதை மீட்க உதவும் பாரிட்டி இன்னொரு டிஸ்க்கில் ஏறுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது, எல்லா விளக்கும் பச்சையாகவே எரியும். பிறகு என்றைக்கோ ஒரு டிஸ்க் பழுதாகி, புதியதைச் சொருகி ரீபில்ட் போடும்போதுதான் தங்கள் ஒரு நொடி வெளியே வந்து கைகூப்பும்.

சிறுதொழில் சர்வர் என்று விற்கப்படும் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே பாதி தங்களை நினைத்தே செய்யப்பட்டிருப்பது புரியும். ரெய்டு கார்டில் எழுதி முடிக்காத தரவைக் காப்பாற்றத் தனியாக ஒரு குட்டி பேட்டரி. ஓடும்போதே கழற்றி மாட்டும்படி இரண்டு பவர் சப்ளை. இரண்டும் இரண்டு தனித்தனி இணைப்புகளிலிருந்து வர வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களின் கனவு. நம் ஊரில் தாங்கள் ஒருவர்தானே, ஆகவே இரண்டு வயரும் மாடிப்படிக்குக் கீழே ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் முடிகின்றன. இவை போக, மதர்போர்டில் உட்கார்ந்துகொண்டு எப்போது கரண்ட் போனது, எப்போது வந்தது என்று தேதி, மணி, நொடியோடு குறித்துவைக்கும் ஒரு சிப் உண்டு. தங்கள் ஒரு நொடிக்கு உலகிலுள்ள ஒரே சாட்சி அதுதான்.

யூபிஎஸ் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். வாங்கத்தான் செய்கிறோம். லைன் இன்டராக்டிவ் என்றால் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி நொடி, தப்பிக்கலாம். ஆன்லைன் என்றால் அந்த இடைவெளியும் இல்லை, விலைதான் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரிக்கு 25 டிகிரியில்தான் முழு ஆயுள். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மாடிப்படிக்குக் கீழே சித்திரை மாதத்தில் என்ன வெப்பம் என்று தங்களுக்குத் தெரியும். கூரை ஒழுகுகிறது என்றால் வாளி வாங்கு என்பது யோசனைதான். வருஷா வருஷம் வாளி மாற்றுகிறவனிடம் கூரைக்கும் வாடகை வாங்குவதுதான் உறுத்துகிறது. கிளவுடுக்குப் போ என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கிளவுடு வானத்தில் இருக்கலாம், அதை எட்டிப்பிடிக்கும் ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் தங்கள் கம்பத்தில்தான் தொங்குகின்றன.

இன்னொன்று. 230 வோல்ட், அதில் ஆறு சதவீதம் கூடலாம் குறையலாம், அதாவது 216 முதல் 244 வரை என்பது நீங்கள் ஒப்புக்கொண்ட எல்லை. நியூட்ரல் அறுந்தால் அதே பிளக்கில் 400 வரை ஏறுகிறது. யூபிஎஸ், சர்வர், பில் பிரிண்டர், வரிசையாக எரிகின்றன. துருப்பிடித்த ஒரு கனெக்டரைப் பார்க்க ஆள் அனுப்பாதது நீங்கள், இழப்பு எங்களுடையது, எழுதிக் கேட்டால் உங்கள் வயரிங் சரியில்லை என்று பதில். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வெட்கமாக இல்லையா? … மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. வோல்டேஜ் ஏற்றம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. கிளை உரசினால் பிரேக்கர் விழுவதும், உரசல் விலகியதும் தானாக மறுபடி எழுவதும் பழுதல்ல, பாதுகாப்பு. அந்த ஒரு நொடி இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் இருட்டாகியிருக்கும். முழுக்க உண்மை. ஆனால் அந்த உண்மைதான் எங்கள் கட்சிக்கும் சாட்சி. ஒரே ஃபீடரில் ஒரு நொடி திரும்பத் திரும்ப வந்தால், அங்கே வெட்டாத கிளையோ விரிசல் விட்ட இன்சுலேட்டரோ இருக்கிறது என்று பொருள். நாளை வரப்போகும் நீண்ட தடைக்கு இது இன்றைய தந்தி. எண்ணினால்தானே தந்தியைப் படிக்க முடியும்? மின்தடைகளை அளக்கும் ஐஇஇஇ 1366 தரநிலை 5 நிமிடத்துக்கு மேற்பட்டவற்றை சைஃபி, சைடி என்ற குறியீடுகளில் சேர்க்கிறது. குறுகிய தடைகளையும் அது தூக்கி எறியவில்லை, மெய்ஃபி என்று தனிக் கணக்கே வைத்திருக்கிறது. மின்தடையாகக் கருத இயலாது என்று தாங்கள் எழுதியது, எந்தக் கணக்கில் என்று சொல்லாமல் விட்ட அரை வாக்கியம்.

ஆகவே இழப்பீடு கேட்கவில்லை, அந்த அளவுக்குப் பேராசை இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில், நிலுவைத் தொகைக்குக் கீழே இன்னும் ஒரு வரி அச்சிடுங்கள்: இந்த ஃபீடரில் இந்தக் காலத்தில் ஏற்பட்ட கணநேரத் தடைகள் இத்தனை. எண்ணிக்கை தங்களிடம் இல்லையென்றால், சர்வரில் இருக்கும் அந்தச் சிப்பின் பதிவை இத்துடன் இணைத்திருக்கிறோம், பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் தாழ்வழுத்த வணிக நுகர்வோர் ஒருவர்